ரியாக்டர் மீட்டர்கள் முரண்படுகின்றனவா? நிறைக் கணக்கை வைத்துச் சரிசெய்யலாம்

இரைச்சலான அளவீடு என்றதும் பலர் நேரே கால்மன் ஃபில்டருக்கு (இரைச்சலான அளவீடுகளிலிருந்து உண்மை நிலையை நேரத்தோடு கணிக்கும் முறை) போகிறார்கள். நிலையாக ஓடும் வேதி ரியாக்டருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். உள்ளே போகும் நிறையும் வெளியே வரும் நிறையும் சமம். அதை வைத்தே ஓட்ட மீட்டர்களின் அளவீடுகளைத் திருத்தலாம். 1961-லேயே கியூனும் டேவிட்சனும் எழுதிய முறைதான்.

படி 1: வெப்பநிலையும் மட்டமும் அசையாத நேரத்து அளவீடுகளை மட்டும் எடுங்கள்.

படி 2: எல்லாவற்றையும் நிறைக்கு மாற்றுங்கள். மோல் கணக்கு இங்கே உதவாது. அம்மோனியா தயாரிப்பில் 4 மோல் உள்ளே போய் 2 மோலாக வெளியே வரும். நிறை மட்டும் மாறாது.

படி 3: ஒவ்வொரு மீட்டருக்கும் திட்ட விலக்கம் (அளவீடு சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்பது) வேண்டும். சிக்கலே இங்கேதான். டிரான்ஸ்மிட்டரில் (மீட்டரின் அளவை அனுப்பும் கருவி) டாம்பிங்கை, அதாவது ஏற்ற இறக்கத்தை மழுப்பும் அமைப்பை, அதிகமாக வைத்திருந்தால் கோடு வழவழவென்று தெரியும், விலக்கமும் சின்னதாக வரும். சூத்திரமோ அந்த மீட்டரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும். அதனால் தயாரிப்பாளர் தரும் துல்லியத்தையும் பாருங்கள். அது முழு அளவில் 1% என்றால், 500 கிலோ வரை அளக்கும் மீட்டரில் பிழை 5 கிலோ. ஓடுவது 50 கிலோவானாலும் அதே 5 கிலோதான்! இரண்டில் பெரியதையே நான் எடுப்பேன்.

படி 4: உள்ளே 102, 51, வெளியே 148 (மணிக்குக் கிலோ). விலக்கங்கள் 2, 1, 2. உள்ளே 153, வெளியே 148; இடிக்கும் 5 கிலோவை விலக்கத்தின் வர்க்கப்படி, அதாவது 4:1:4 என்று பிரியுங்கள். வர்க்கம் போட மறக்காதீர்கள். உள்ளே வருபவற்றில் கழித்து, வெளியே போவதில் கூட்டினால் 99.78, 50.44, 150.22. கணக்கு நேராகிவிட்டது. முதல் மீட்டரின் விலக்கமும் 2-லிருந்து சுமார் 1.5-க்கு இறங்கும்.

படி 5: உண்மையில் இதை நான்காம் படிக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. 5-ஐ வர்க்கங்களின் கூட்டுத்தொகையான 9-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 1.67. இது 1.96-ஐ (வெறும் இரைச்சல் 95% நேரம் இதற்குள்தான் இருக்கும்) தாண்டினால் திருத்தாதீர்கள். ஏதோ ஒரு மீட்டர் பொய் சொல்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. அந்தப் பிழையைப் பங்கிட்டால் நல்ல மீட்டர்களும் கெடும்.

ஒரே ரியாக்டருக்கு எக்செல் தாராளம். நாலைந்து கலன்கள் சேர்ந்தால் நம்பைக்கு (NumPy, பைத்தானின் கணக்கு நூலகம்) மாறுங்கள். அணிகளை (மேட்ரிக்ஸ்) எக்செல்லில் மேய்ப்பது வீண் வேலை.

பிற்சேர்க்கை: மட்டம் மெதுவாக ஏறினால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். மணிக்கு எத்தனை கிலோ சேர்கிறது என்பதை நான்காவது ஓட்டமாக, அதற்குரிய விலக்கத்தோடு சேர்த்துவிடுங்கள். அப்புறம், ஒரு குழாயில் மீட்டரே இல்லையென்றால்? இந்த ஒற்றைச் சமன்பாடு அந்த ஓட்டத்தைக் கண்டுபிடிப்பதிலேயே தீர்ந்துவிடும். மற்றவற்றைத் திருத்த எதுவும் மிஞ்சாது.