நைட்டு ரெண்டு மணிக்கு சாவு பயம் வந்தா எப்படி உக்காரணும்

சாவு பயத்தை போக்கறதுக்குன்னு தியானத்துல உக்காராதீங்க, மொதல்ல இதை சொல்லிடறேன். எங்க பெரியப்பா போனப்புறம் நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன், எங்க தெரு பாலாத்து சுடுகாட்டுக்கு போற வழி வேற, கண்ண மூடினா மேளம் தான் கேக்கும், பயம் போச்சா போச்சான்னு பாத்துகினே இருந்தா அது எங்க போவும்.

பயம் வந்தா படுத்துகினு இருக்காதீங்க, எழுந்து லைட்ட போட்டு செவுத்துல சாஞ்சி உக்காருங்க, கண்ணு பாதி தொறந்தே இருக்கட்டும். பயம் ஒடம்புல எங்க இருக்குன்னு தேடுங்க. எனக்கு தொண்டைக்கு கீழ, நெல்லிக்கா மாட்டிகினாப்ல. அதையே பாருங்க, மூச்ச இழுக்கறத விட விடறது நீளமா இருக்கட்டும், 4 எண்ணி இழுத்தா 6 எண்ணி விடுங்க. வெரல் மரத்து குறுகுறுன்னுச்சுன்னா சாவு வந்துருச்சுன்னு நெனைக்காதீங்க, வேகமா மூச்சு விட்டு கார்பன் டை ஆக்சைடு கொறைஞ்சா அப்படி ஆவும். ஆனா நெஞ்சு அழுத்தி வலிச்சு வேர்த்து கொட்டினா தியானம் கியானம் வேணாம், நேரா ஆஸ்பத்திரி.

சாவை நேரா நெனைச்சு பாக்கறது காலைல தான், நைட்டு வேணாம். பௌத்தத்துல மரணஸதின்னு இதுக்குன்னே பயிற்சி இருக்கு, வெளிய போற மூச்சு திரும்பி வராமலும் போலாம்னு ஒவ்வொரு மூச்சுலயும் ஞாபகம் வச்சிக்கறது. 5 நிமிஷம் போதும். ரமணர் 1896ல, 16 வயசுல, மதுரையில சாவு பயம் திடீர்னு புடிச்சப்போ ஓடல, பொணம் மாதிரி வெறைப்பா படுத்து மூச்ச அடக்கி, செத்தது ஒடம்பு, அப்ப நான் யாருன்னு பாத்தாரு, அடுத்த கொஞ்ச நாள்லயே திருவண்ணாமலை வந்துட்டாரு. நீங்க மூச்ச அடக்க வேணாம், கேள்விய மட்டும் எடுத்துக்குங்க.

வீட்ல சாவு நடந்து ரொம்ப நாள் ஆகலன்னாலோ, டெய்லி இப்படி ஆவுதுன்னாலோ இந்த காலைப் பயிற்சிய விட்டுட்டு டாக்டர பாருங்க.

போன வாரம் தெருவுல மேளம் போச்சு, நெல்லிக்கா வந்துச்சு, பத்து நிமிஷத்துல எறங்கிடுச்சு. காலைல பால் வாங்க போறப்போ ரோட்ல சாமந்தி நசுங்கி கெடந்துது. இன்னும் மிதிக்காம தாண்டித்தான் போறேன்.