ஆண்டு விழா எடுக்கும்போதே அடுத்த திட்டத்தையும் போட்டுவிடலாம்

தன்னார்வ அமைப்புகளில் வெள்ளி விழா, பொன் விழா என்று பேச்சு எழுந்ததுமே எல்லோரும் மண்டபம் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். மண்டபம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பதுதான் என் வேலை. இப்படிப்பட்ட விழாக்கள் பலவற்றுக்குக் கூடமாட நின்றிருக்கிறேன். என்னைக் கேட்டால், முதலில் நிர்வாகக் குழு உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் நாம் எதை முடிவு செய்தே ஆக வேண்டும்? மாலை வகுப்பைத் தொடர்வதா நிறுத்துவதா, பொருளாளருக்குப் பிறகு யார், புதியவர்கள் ஏன் ஆறு மாதத்தில் காணாமல் போகிறார்கள் என்று எதுவாகவும் இருக்கலாம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பழைய கதையைத் தோண்ட வேண்டும். இல்லாவிட்டால் விழா முழுக்க யார் யார் தலைவராக இருந்தார்கள் என்ற பட்டியலிலேயே முடிந்துவிடும்.

எதைத் தோண்டுவது? கூட்டத் தீர்மானங்களை எழுதி வைக்கிற மினிட்ஸ் புத்தகத்தை நம்பி உட்காராதீர்கள். அதில் தீர்மானம் இருக்கும், வேலை செய்த ஆள் இருக்க மாட்டார். வருகைப் பதிவேடு, யார் எந்த நாளில் வருவது என்று போட்ட பழைய முறைப்பட்டியல், செலவு வவுச்சர், வாட்ஸ்அப் குழுவின் பழைய உரையாடல் ஆகியவற்றில்தான் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். குண்டூசி, ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின் எதையும் தாளில் விட்டுவைக்க வேண்டாம். ஒன்று துருப்பிடிக்கும், இன்னொன்று இளகி ஒட்டிக்கொள்ளும். படங்களின் பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும், அதுவும் ஓரமாக. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தினால் எழுத்தின் தடம் முன்பக்கத்தில் புடைத்துக்கொண்டு நிற்கும். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னால் ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் சுருங்கிப்போன படம்தான் வரும்.

அடுத்தது ஆட்களிடம் பேசுவது. என் வழக்கம், விலகிப் போனவர்களை முதலில் கூப்பிடுவது. இப்போதும் இருப்பவர்கள் எப்படியும் வருவார்கள். போனவர்களிடம்தான் நமக்கு வேண்டிய பதில் இருக்கிறது. ‘அனுபவம் எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘ரொம்ப நல்லா இருந்தது’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். ‘முதல் நாள் உங்களை யார் அழைத்து வந்தார்? அன்று கையில் என்ன வேலை கொடுத்தார்கள்? கடைசியாக வந்த நாளுக்கு அப்புறம் யாராவது போன் செய்தார்களா?’ என்று கேளுங்கள். பதிவு செய்வதற்கு முன்பே எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று சொல்லி, சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சரி, விழாவுக்கு வருவோம். டிசம்பர் 5 சர்வதேசத் தன்னார்வலர் தினம், 1985-இல் ஐ.நா. பொதுச் சபை அறிவித்தது. 2026-ஐயும் தன்னார்வலர் ஆண்டாக அதே சபை அறிவித்திருக்கிறது. நாள் பார்ப்பவர்களுக்கு இவை வசதி. ஆனால் அன்று உங்கள் ஆட்களுக்குக் களவேலை இருந்தால் வேறு நாள் பாருங்கள். இன்னொன்று: விழா நாளில் நாற்காலி போடுவதும் பரிமாறுவதும் தன்னார்வலர்கள் தலையில் விழக் கூடாது. அவர்களுக்கான விழாவிலும் அவர்களையே ஓடவிடுகிற அமைப்புகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

விழாவின் நடுநாயகம் ஒரு நீளமான சுவர். அதில் தாளை ஒட்டி, மேலே வருடங்களைக் குறித்து, கீழே மூன்று வரிசை பிரியுங்கள்: வெளியுலகில் நடந்தது, அமைப்பில் நடந்தது, எனக்கு நடந்தது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. மார்வின் வைஸ்போர்டும் சாண்ட்ரா ஜனாஃபும் உருவாக்கிய ‘ஃபியூச்சர் சர்ச்’ என்ற, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து எதிர்காலத்தைத் திட்டமிடும் முறையில் வருகிற காலக்கோடு இது. வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒட்டுத்தாளும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுங்கள். மேடைப் பேச்சை அரை மணி நேரத்தோடு நிறுத்திவிட்டு, சுவருக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். பெயர் தெரியாத பழைய படங்களுக்கு எண் போட்டுப் பக்கத்திலேயே மாட்டுங்கள். ‘இது நான்தான்!’ என்று யாராவது கத்துவார்கள். அங்கிருந்து அடுத்த பத்து ஒட்டுத்தாள் பிறக்கும்.

மூன்றாவது வரிசைதான் பொக்கிஷம். ஒரு விழாவில் ஒருவர் எழுதி ஒட்டியதை இன்னும் மறக்கவில்லை: ‘குழந்தை பிறந்தது. மூன்று மாதம் வரவில்லை. யாரும் கேட்கவில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.’ பக்கத்தில் வேறு கையெழுத்தில் ‘எனக்கும்’ என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு ‘எனக்கும்’. ஆட்கள் ஏன் நிலைப்பதில்லை என்று நிர்வாகம் வருடக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசிய விஷயத்துக்கு அங்கே விடை கிடைத்துவிட்டது. இடைவெளி எடுத்தவர்களுக்குப் போன் செய்வதற்கென்றே ஒருவரை அடுத்த வாரமே நியமித்தார்கள்.

சுவரைப் படிக்கும்போது நான் முதலில் கூட்டமாக ஒட்டப்பட்ட இடத்தைப் பார்ப்பேன்: அந்த வருடம் இத்தனை பேரை இழுத்தது எது? அப்புறம் வெற்றிடம். 2020-க்குப் பிறகு பலருடைய சுவரில் ஒரு பள்ளம் இருக்கும். மேல் வரிசையில் கொரோனா என்று எழுதியிருப்பதால் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. பள்ளம் எப்போது மேடேறியது, யாரால் ஏறியது என்பதுதான் கேள்வி. கடைசியாக, எல்லா வருடத்திலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அவரைக் கைதட்டிப் பாராட்டுங்கள், அன்றைக்கே அவருக்குப் பக்கத்தில் இன்னொருவரை நிறுத்துங்கள். சாவியும் பாஸ்வேர்டும் அவர் ஒருவரிடம் மட்டுமே இருப்பது பெருமை இல்லை, ஆபத்து.

மொத்த மணிநேரக் கணக்கை வைத்துப் பெருமை பேசுவதில் கொஞ்சம் நிதானம் தேவை. 200 பேர் ஆளுக்கு 50 மணி நேரம் உழைத்தாலும் 10,000. 10 பேர் ஆளுக்கு 1,000 மணி நேரம் உழைத்தாலும் 10,000. பேனரில் இரண்டும் ஒன்றுதான். இரண்டாவது அமைப்பில் மூன்று பேர் ஊர் மாறினால் கதை முடிந்தது.

நல்லதை மட்டும் கேளுங்கள் என்று சிலர் சொல்வார்கள். டேவிட் கூப்பர்ரைடரும் சுரேஷ் ஸ்ரீவஸ்தவாவும் 1987-இல் முன்வைத்த ‘அப்ரீஷியேட்டிவ் இன்கொயரி’ என்ற முறை எது நன்றாக நடந்தது என்பதிலிருந்துதான் தொடங்கும். தொடக்கத்துக்கு அது நல்ல வழி, மனம் திறக்கும். ஆனால் அதோடு நின்றுவிட்டால் விலகிப் போனவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

விழா முடிந்ததும் தாளைச் சுருட்டிப் பரணில் போடாதீர்கள். முழுவதையும் படம் எடுத்து வைத்துவிட்டு, இரண்டு வாரத்துக்குள் அதே தாளை மறுபடி மாட்டி அதன் முன்னால் திட்டக் கூட்டத்தை நடத்துங்கள். எதை முடிவு செய்ய வேண்டும் என்று முதலில் எழுதிய அந்தத் தாளை எடுங்கள். அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் சுவர் என்ன சொல்கிறது, நாம் என்ன செய்யப் போகிறோம், யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். எதை நிறுத்தப் போகிறோம் என்பதற்கும் ஒரு இடம் கட்டாயம் வேண்டும். பழைய வேலை எதையும் விடாமல் புதிதாக நான்கு சேர்த்தால், அதைச் செய்யப் போவதும் அதே பத்துப் பேர்தான்.

முடிவுகளை ஒரு பக்கத்தில் அடக்கி, சுவரில் எழுதிய எல்லோருக்கும் அனுப்புங்கள், விலகிப் போனவர்கள் உட்பட. எதையாவது இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதி, எப்போது முடிவாகும் என்று தேதி போடுங்கள்.