மெக்கானிக் படிப்புக்குப் பணம் கட்டும் முன்

வகுப்பு நடக்கும் நேரத்தில் போய்ப் பயிற்சிப் பட்டறையைப் பாருங்கள். ஒரு வண்டியைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றால் யாருக்கும் கை பழகாது. ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாட்டுவதெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் ஹெல்பராகச் சேர்ந்தே கற்கலாம். காசு கொடுத்துப் படிக்க வேண்டியது எலக்ட்ரிகல் கோளாறு கண்டுபிடிப்பதை: வயரிங் டயகிராம் படிப்பது, மல்டிமீட்டரில் வோல்டேஜ் டிராப் (வயரிலும் இணைப்பிலும் குறையும் மின்னழுத்தம்) அளப்பது. வண்டியின் கம்ப்யூட்டரில் மாட்டும் ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்ணை மட்டும் நம்பிப் பாகம் மாற்றச் சொல்லித்தரும் இடம் வேண்டவே வேண்டாம். கலவையில் எரிபொருள் குறைவு என்று எண் வந்ததும், அப்படிப் படித்தவர்கள் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரை மாற்றிவிடுவார்கள். பல நேரம் இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாயில் காற்றுக் கசிவுதான் காரணமாக இருக்கும்.

கட்டணம், டூல் செட், படிக்கும் காலத்தில் இழக்கும் சம்பளம் மூன்றையும் கூட்டி, படித்தவருக்கும் ஹெல்பருக்கும் உள்ள மாதச் சம்பள வித்தியாசத்தால் வகுங்கள். வரும் எண்தான் போட்ட பணம் திரும்ப ஆகும் மாதங்கள்; அது 36-ஐத் தாண்டினால் ஒர்க்‌ஷாப்பே மேல்.