வீட்டோ: எங்கே எழுதலாம், எங்கே எழுதக்கூடாது

லத்தீனில் 'வீட்டோ' என்றால் 'நான் தடுக்கிறேன்'. மற்றவர்கள் எத்தனை பேர் ஒப்புக்கொண்டாலும் ஒரு முடிவைத் தனியாக நிறுத்திவைக்கும் அதிகாரம் அது. வெறும் எதிர்ப்புக்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள்.

எழுதுமுன் முதலில் பார்க்க வேண்டியது, தடுத்தவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதை. ஐ.நா. பாதுகாப்பு அவையின் 15 உறுப்பினர்களில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய 5 நிரந்தர உறுப்பினர்களுக்கே அது உண்டு. அடுத்து வாக்குகளை எண்ணுங்கள். தீர்மானம் நிறைவேற 9 ஆதரவு வாக்குகள் வேண்டும். 14 பேர் ஆதரித்து, ஒரு நிரந்தர உறுப்பினர் எதிர்த்தால் அது வீட்டோ. 8 பேர்தான் ஆதரித்தார்கள் என்றால் தீர்மானம் வாக்குப் போதாமல் தோற்றது; அங்கே 'வீட்டோ' என்று எழுதுவது தவறு. செய்திகளில் அடிக்கடி சறுக்கும் இடம் இன்னொன்று: நிரந்தர உறுப்பினர் வாக்களிக்காமல் ஒதுங்கினால் அது வீட்டோ ஆகாது. அவையை நடத்தும் முறை பற்றிய விஷயங்களில் வீட்டோவே கிடையாது.

'தடுத்துவிட்டார்' என்றதும் கதை முடிந்ததாக எழுதிவிடவும் வேண்டாம். அமெரிக்க அதிபர் வீட்டோ செய்த மசோதாவை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் சட்டமாக்க முடியும்.

'தீர்மானத்தை வீட்டோ செய்தது', 'வீட்டோவைப் பயன்படுத்தியது' இரண்டும் சரி. 'வீட்டோ செய்து நிராகரித்தது' என்பது கூறியது கூறல். தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் 'தடுப்பதிகாரம்' பொருந்தும். 'மறுப்பு' போதாது, அதில் அதிகாரம் தெரிவதில்லை.