சேலைத் தொட்டிலைப் பெட்டியில் வைக்காதீர்கள்: கைக்குழந்தையோடு வெளிநாடு போகும்போது தூக்க விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு இரவு விமானம். மகனுக்கு அப்போது ஐந்து மாதம். பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா தன் பழைய நூல் சேலையை மடித்து, தொட்டில் கம்போடு சேர்த்து டயப்பர் கட்டுக்கு மேலே வைத்தார். "இது இல்லாம சாமி எப்படிக் கண்ணு தூங்குவான்? உங்க அண்ணன் வீட்டுல கதவு நிலையில ஏதாச்சும் கம்பி இருக்குமல்லோ, அதுல கட்டிக்கலாம்" என்றார். நான் அதை எடுத்து வெளியே வைத்தபோது அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு அவரிடம் நிதானமாகச் சொல்ல நேரமில்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன். துபாய்க்கும் டல்லாஸுக்கும் கைக்குழந்தையோடு கிளம்பும் ஈரோட்டு, திருப்பூர், பொள்ளாச்சிக் குடும்பங்கள் பலவற்றிலும் இதே பேச்சு நடக்கிறது.

நம் வீட்டில் தொட்டில் நடு ஆசாரத்தில் தொங்கும். அடுப்படியிலிருந்து பார்த்தாலும் தெரியும், திண்ணையிலிருந்து பார்த்தாலும் தெரியும். ஆத்தாவோ அம்முச்சியோ ஒரு கையால் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். குழந்தை முனகினால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். வெளிநாட்டு ஹோட்டல் அறையில் சேலையைக் கட்டிவிடலாம், அந்த நாலு பேரை எங்கிருந்து கொண்டுபோவது? அங்கே இருப்பது பயணக் களைப்பில் கண் சொருகும் இரண்டு பேர்தான். ஊரில் ஒத்துவந்த பழக்கம் அங்கே ஆபத்தாக மாறுவதற்கு இதுதான் முதல் காரணம்.

மடங்கிய குழாய்

இரண்டாவது காரணம் குழந்தையின் கழுத்து. பிறந்த சில மாதங்களுக்குத் தலை கனம், கழுத்துத் தசை பலவீனம், மூச்சுக்குழாய் மெல்லியது. சேலைத் தொட்டிலில் உடம்பு வளைந்து, தாடை நெஞ்சில் போய் முட்டும். தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய் ஓரிடத்தில் மடங்கினால் அதற்கு அப்பால் தண்ணீர் போகாது. மூச்சுக்கும் அதுதான் கதி. குழந்தை அழாது, திணறும் சத்தமும் கேட்காது. அசந்து தூங்குகிறது என்றே நினைப்போம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஸ்பிரிங் போட்ட சரோங் தொட்டில் சொந்தக்காரர் வீடுகளிலேயே இருக்கும். "நம்மூரு மாதிரியே இருக்குதுங்க" என்று ஆசையாகக் கொடுப்பார்கள். அதிலும் உடம்பு அதே மாதிரிதான் வளையும். இரவு முழுக்கத் தூங்க அது இடமல்ல.

வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமல் தூக்கத்தில் நிகழும் திடீர் சிசு மரணம் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள், அதிலும் ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள்தான் நடக்கிறது. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பெரிய பிரச்சாரம் நடத்தினார்கள். அதற்குப் பிறகு அந்த மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. மருந்தில்லை, கருவியில்லை, படுக்க வைக்கும் பக்கத்தை மாற்றியதில் கிடைத்த பலன் அது.

மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழாயில் போய்விடாதா என்று அம்மா கேட்டார். எல்லாப் பாட்டிகளும் கேட்கும் நியாயமான கேள்வி இது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலே ஏறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும். குப்புறப் போட்டால் நிலைமை தலைகீழ். ஆகவே பயந்துகொண்டு ஒருக்களித்துப் போட வேண்டாம். ஒருக்களித்த குழந்தை எந்த நேரமும் குப்புறச் சாய்ந்துவிடும்.

குழந்தை பிறந்தால் நம்மூரில் பரிசாக வரும் கொசுவலை மெத்தை செட்டையும், இரண்டு பக்கமும் வைக்கும் குட்டித் திண்டுகளையும், தலை உருண்டையாக வரட்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையையும் பெட்டியில் ஏற்ற வேண்டாம். ஒரு வயதுக்குள் தலையணையே தேவையில்லை. கழுத்துச் சங்கிலி, திருஷ்டிக் கயிறு, வசம்பு வளையல் எல்லாவற்றையும் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். சம்பிரதாயத்தை விடச் சொல்லவில்லை, எழுந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

விமானத்தில்

பாசினெட் என்ற தொங்கு படுக்கை எல்லா விமானத்திலும் கிடையாது. கோவையிலிருந்து கிளம்பும் சிறிய விமானங்களில் பெரும்பாலும் இருக்காது. நீண்ட தூரம் போகும் பெரிய விமானங்களில் முன்சுவர் வரிசையில் இருக்கும், எண்ணிக்கை குறைவு. டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்க வேண்டும். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விமானம் குலுங்கி, பெல்ட் விளக்கு எரிந்தால் குழந்தை தூங்கினாலும் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். "இப்பத்தான் தூங்குனான்" என்று அந்த நேரத்தில் விட்டுவிடாதீர்கள்.

மடியில் வைத்துக்கொண்டு நீங்களும் தூங்கிவிடுவது இன்னொரு தவறு. நாங்கள் இரண்டு பேரும் முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருப்பது. குழந்தை எப்போதும் விழித்திருப்பவர் கையில்தான். பேபி கேரியரில் மார்போடு கட்டியிருந்தால் முகம் மேலே தெரிய வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். துப்பட்டாவால் முகத்தை மூடவே கூடாது.

தூங்க வைக்கச் சளி சிரப் கொடுப்பது சில வீடுகளில் ரகசியமாக நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குள் கொடுக்கக்கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட 2023 டிசம்பரில் நம் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவிட்டது.

இறங்கியபின் வருவது கார் சீட். காருக்குள் குழந்தைக்கு அதைவிடப் பாதுகாப்பான இடமில்லை. தவறு நடப்பது காரை விட்டு இறங்கிய பிறகுதான். தூக்கம் கலைந்துவிடுமே என்று சீட்டோடு அப்படியே தூக்கிவந்து அறை மூலையில் வைத்துவிடுகிறோம். சாய்ந்த இருக்கையில் தலை முன்னால் விழுந்தால் அங்கேயும் அதே மடங்கிய குழாய்தான். போய்ச் சேர்ந்ததும் குழந்தையை எடுத்துச் சமமான படுக்கையில் போடுங்கள். அழுதால் அழட்டும், ஐந்து நிமிடம் தட்டிக்கொடுக்கலாம். தள்ளுவண்டியில் தூங்குவதற்கும் இது பொருந்தும். வெயிலுக்கு மறைப்பென்று அதன் மேல் போர்வையைப் போட்டால் உள்ளே காற்று நின்று சூடு ஏறும். ஷார்ஜா, துபாய் வெயிலில் இது மிகவும் ஆபத்து.

போய்ச் சேர்ந்த முதல் இரவு

கிளம்புவதற்கு முன்பே ஹோட்டலுக்கு எழுதி, குழந்தைக் கட்டில் உண்டா, அறையில் போட்டு வைப்பார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரவு ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்து வரவேற்பறையில் கேட்டால், "எல்லாம் கொடுத்துவிட்டோம்" என்ற பதிலே வரலாம்.

பெரும்பாலும் கிடைப்பது மடக்கும் டிராவல் காட்தான். பொதுவாக அதன் பக்கச் சட்டங்களை முதலில் தூக்கிப் பூட்ட வேண்டும். 'டிக்' என்ற சத்தம் நாலு பக்கமும் கேட்ட பிறகு நடுத்தளத்தைக் கீழே அழுத்த வேண்டும். வரிசை மாறினால் சட்டம் பூட்டாமலே பூட்டியதுபோலத் தெரியும், பிறகு குழந்தையின் கனத்தில் உள்நோக்கி மடங்கிவிடும். நீங்களே உள்ளங்கையால் ஒவ்வொரு சட்டத்தையும் அழுத்திப் பாருங்கள். வலை கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதோடு வந்த மெல்லிய மெத்தை பலகை மாதிரி கெட்டியாக இருக்கும். நம்மவர்களுக்கு அதுதான் பொறுக்காது. பவானி ஜமுக்காளத்தையோ சென்னிமலைப் போர்வையையோ மடித்து அடியில் போடுவோம். கூடுதலாக எது போட்டாலும் பக்கவாட்டில் சந்து விழும், அல்லது மேற்பரப்பு புதையும். குழந்தையின் முகம் அங்கே போய்ச் செருகிக்கொள்ளும். கெட்டியாக இருப்பது குறையல்ல, அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மேலே இறுக்கமாகப் பொருந்தும் விரிப்பு ஒன்று போதும்.

கட்டிலை எங்கே போடுகிறோம் என்பதையும் பாருங்கள். ஜன்னல் திரைக் கயிறு கைக்கு எட்டக்கூடாது. ஹீட்டருக்கும் ஏசி காற்றுக்கும் நேராக வேண்டாம். முதல் ஆறு மாதமாவது பெற்றோர் அறையிலேயே, உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் குழந்தை தனிப் படுக்கையில் இருக்கட்டும்.

சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் அவர்கள் பிள்ளைகள் வளர்ந்த பழைய மரக்கட்டிலைப் பரணிலிருந்து இறக்கித் தருவார்கள். அன்புதான், ஆனாலும் பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் கீழே இறங்கும் கட்டில்களை விற்க அமெரிக்காவில் 2011-லேயே தடை வந்துவிட்டது. கம்பிகளுக்கு நடுவே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. சோடா டின் நுழைந்தால் அந்தக் கட்டில் வேண்டாம். சுற்றிலும் கட்டும் மெத்தைத் தடுப்புகளையும், பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளையும் 2022-இல் அங்கே சட்டம் போட்டே தடுத்தார்கள். பழைய பொருளாக அவை இன்னும் பரணில் கிடக்கலாம்.

கட்டிலே கிடைக்காவிட்டால்? ஒரு அகலமான மேஜை டிராயரையோ கெட்டியான பெட்டியையோ தரையில் வைத்து, அடியில் மெல்லிய, புதையாத விரிப்புப் போட்டு ஓரிரவு சமாளிக்கலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே தற்காலிகத்துக்கு இதை ஏற்கிறது.

எனக்கு அதிகம் பயம் தருவது சோபா. நேரம் மாறிப்போய், குழந்தை இரவு மூன்று மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருக்கும். கணவரின் தூக்கம் கெடக்கூடாதென்று அம்மா சோபாவில் உட்கார்ந்து பால் கொடுப்பாள், அப்படியே கண் அயர்ந்துவிடுவாள். குழந்தை சோபாவின் சந்தில் சரியும், அல்லது அம்மாவின் உடம்புக்கடியில் முகம் புதையும். சோபாவில் குழந்தையோடு தூங்கினால் ஆபத்து 50 மடங்கு வரை கூடும் என்று பிரிட்டனில் பெற்றோரை எச்சரிக்கிறார்கள். தூக்கம் வரும்போலத் தெரிந்தால் சோபாவைவிடக் கட்டிலில் உட்கார்ந்து கொடுப்பது மேல். தலையணை, ரஜாய் எல்லாவற்றையும் முதலில் தள்ளி வைத்துவிடுங்கள். கணவரை எழுப்புங்கள். அவர் தூக்கம் கெட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

நாம் பாயிலோ மெல்லிய பஞ்சு மெத்தையிலோ குழந்தையைப் பக்கத்தில் போட்டே வளர்ந்தவர்கள். வெளிநாட்டுக் கட்டில் அந்தப் பாய் அல்ல. மெத்தை புதையும், ரஜாய் தடிமன், சுவரோரம் சந்து. குழந்தைக்கென்று தனி இடம் இருப்பதே நல்லது. பெற்றோரில் ஒருவர் புகைத்தாலோ, மது அருந்தினாலோ, தூக்கம் வரும் மாத்திரை போட்டிருந்தாலோ, குழந்தை குறைமாதமாகவோ இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தாலோ ஒரே கட்டிலில் தூங்கவே வேண்டாம். புகை பிடிக்கும் அறையையும் எடுக்காதீர்கள்.

குளிர் என்ற பயம்

சித்திரை வெயிலில் கிளம்பி ஜெர்மனியில் இறங்கினால் நமக்கே நடுக்கம் எடுக்கும். உடனே ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, இரண்டு கம்பளி. அறையோ ஹீட்டரில் கதகதப்பாக இருக்கும். குழந்தை சூட்டை வெளியே விடுவது பெருமளவு தலை வழியாகத்தான். வீட்டுக்குள் குல்லா போட்டால் அந்த வழி அடைபடும். உடம்பு அதிகம் சூடாவதும் திடீர் சிசு மரணத்துக்கு ஒரு காரணி. பிரிட்டனில் குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரி இருந்தால் போதும் என்கிறார்கள். நமக்கு அது மார்கழிக் குளிர்! கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் குறையுங்கள்.

போர்வைக்குப் பதில் குழந்தை உடுத்திக்கொள்ளும் பை இருக்கிறது, ஸ்லீப்பிங் பேக் என்பார்கள். திருப்பூரில் சொந்தக்காரர் யூனிட்டில் ஏற்றுமதிக்குத் தைக்கும்போதுதான் அதை முதலில் பார்த்தேன். கை வெளியே, கால் உள்ளே. முகத்துக்கு மேல் ஏறாது. அதன் தடிமனை டாக் என்ற எண்ணால் குறிப்பார்கள். 16 முதல் 20 டிகிரிக்கு 2.5 டாக், அதற்கு மேல் 24 வரை 1 டாக் என்பது பொதுவான கணக்கு. கழுத்து அளவு சரியாக இருக்க வேண்டும், பெரிதாக இருந்தால் குழந்தை உள்ளே நழுவும். துணியில் இறுக்கிச் சுற்றும் பழக்கமிருந்தால், புரள முயற்சி செய்யத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

கிளம்புவதற்குப் பதினைந்து நாள் முன்பே வீட்டில் தொட்டிலை அவிழ்த்துவிட்டு, கெட்டியான சமப் படுக்கையில் பழக்கினோம். முதல் மூன்று நாள் பெரும்பாடு. ஆட்டுவதற்குப் பதில் நெஞ்சில் மெல்லத் தட்டி, அம்மா பாடும் அதே தாலாட்டைப் பாடினேன். நாலாம் நாள் அழுகை குறைந்தது. சிங்கப்பூரில் முதல் இரவு கொஞ்சம் சிணுங்கிவிட்டு அவனாகவே தூங்கினான்.

மறுநாள் காலை அம்மா வீடியோவில் கூப்பிட்டார். எங்கே படுக்க வைத்திருக்கிறாய் என்று கேட்டார், போனைத் திருப்பிக் காட்டினேன். வெறும் விரிப்பு, அதன்மேல் மல்லாந்து, கைகள் இரண்டும் விரிந்து கிடக்க அவன்.

"ஒரு தலகாணி கூட இல்லாமயா கண்ணு?"

"ஆமாம்மா, ஒண்ணுமே வேண்டாம். நெஞ்சு ஏறி எறங்குறது தெரியுதா பாருங்க."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.