எழுத்துக்கு ஒரு நேரம், கதைக்கு ஒரு நேரம்

வடசென்னையில் காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர்களும், சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். மூன்றாம் வகுப்பு வந்தும் பையனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை, புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிறான், எங்கிருந்து ஆரம்பிப்பது? என் பதில்: இந்த இரண்டையும் முதலில் பிரித்துவிடுங்கள். எழுத்துக்கூட்ட ஒரு நேரம், கதைக்கு வேறொரு நேரம். கதை சூடுபிடிக்கும்போது நிறுத்தி "இது என்ன எழுத்து, சொல்லு" என்று கேட்டால் கதையும் போய்விடும், எழுத்தும் மனசில் நிற்காது.

முதலில் எழுத்து. 247 எழுத்துகளின் அட்டையைச் சுவரில் மாட்டிவிட்டு வரிசையாக ஒப்பிக்க வைத்தால், பிள்ளை க, கா, கி, கீ என்று பாட்டாகப் பாடும், ஆனால் நடுவில் 'கீ'யை மட்டும் தொட்டுக் கேட்டால் மறுபடி 'க'விலிருந்து ஆரம்பித்துத்தான் வந்து சேரும். அதனால் வரிசையை விட்டுவிட்டு, உடனே சொல் கிடைக்கிற எழுத்துகளை எடுங்கள். ட, ப, ம, ர, த, கூடவே புள்ளி. இவ்வளவு இருந்தாலே படம், பட்டம், மரம், ரதம், தடம் எல்லாம் வந்துவிடும். படம், பட்டம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாசிக்க வையுங்கள். ஒரே 'ட' ஓரிடத்தில் மெலிந்தும் ஓரிடத்தில் அழுத்தமாகவும் வருவதற்கு விளக்கம் எதுவும் வேண்டாம், தமிழ் பேசுகிற பிள்ளைக்குக் காதே சொல்லிவிடும்.

அப்புறம் துணைக்கால், பிறகு இகர ஈகாரக் குறிகள். உகர ஊகாரத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். அதை ஒரே பாடமாக நடத்தாமல் நாலைந்து எழுத்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உண்மையில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது கொம்பில்தான். 'கோழி' என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் தெரிவது இரட்டைக்கொம்பு, வாயில் முதலில் வரவேண்டியதோ 'க'வின் ஒலி. கொம்பைப் பார்த்ததும் பிள்ளை அப்படியே நின்றுவிடும். அந்த இடத்தில் திட்டாதீர்கள், கொம்பை விரலால் மூடிக்கொண்டு 'கா' என்று வாசிக்கச் சொல்லி, பிறகு விரலை எடுத்து 'கோ' என்று சொல்லிக் காட்டுங்கள். நாலைந்து சொல்லில் இப்படிச் செய்தால் பிள்ளை தானே விரலை வைத்து மூடிப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

சொற்களைப் பிள்ளையின் வாயிலிருந்தே எடுங்கள். நம் பக்கத்தில் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, இறால், கானாங்கெளுத்தி என்று சொல்லத் தெரியாத பிள்ளை குறைவு. கானாங்கெளுத்தியைப் பாருங்கள், துணைக்கால், ஒற்று, ஒற்றைக்கொம்பு, ளு, தி எல்லாம் ஒரே மீனில் இருக்கிறது. பாதி எழுத்து தெரிந்தால்கூட மீதியை ஊகித்துப் பிடித்துவிடும், ஏனென்றால் சொல் ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது. கடைப் பலகை, பஸ் போர்டு, மெட்ரோ ஸ்டேஷனில் இருக்கும் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை என்ற பெயர்கள் எல்லாமே பாடம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். பிள்ளை 'பழம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து 'பளம்' என்று சொன்னால், அது சரியாக வாசித்துவிட்டது என்றுதான் அர்த்தம். வீட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள். ழகரத்தை இன்னொரு நாள் பாட்டு வைத்துப் பழக்கலாம். வாசிக்கும்போது குறுக்கே விழுந்து நாக்கைத் திருத்தினால் அடுத்த முறை வாயையே திறக்காது.

பிள்ளை நிஜமாக வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்று தெரிய வேண்டுமா? வாயைக் கேட்காதீர்கள், விரலைப் பாருங்கள். பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்த பிள்ளையின் வாய் மூன்றாவது வரியில் இருக்கும், விரல் முதல் வரியிலேயே நிற்கும். அதே சொற்களைக் கலைத்துப் போட்டுப் புதிதாக ஒரு வாக்கியம் எழுதிக் கொடுங்கள், தெரிந்துவிடும். அரசுப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பிரித்திருப்பது இதற்கு உதவும், ஆனால் அதோடு நிறுத்தாமல் எந்தப் பிள்ளை எந்தக் குறியில் தடுக்குகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். 'அரும்பு' என்று எழுதி வைப்பதைவிட 'ஏகாரத்தில் நிற்கிறாள்' என்று எழுதியிருந்தால்தான் நாளைக்கு என்ன செய்வதென்று தெரியும்.

இனி கதை. மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் அசந்து உட்காரும் நேரம் இதற்கு நல்லது. பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். படம் பிள்ளைகள் பக்கம் தெரியும்படி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சத்தமாக வாசியுங்கள். முடிந்ததும் "இந்தக் கதையின் நீதி என்ன" என்று கேட்காதீர்கள், தயவுசெய்து. கேள்வி வரப்போகிறது என்று தெரிந்தால் பிள்ளை கதையை விட்டுவிட்டுப் பதிலைத் தேட ஆரம்பித்துவிடும். அதே கதையைத் திரும்ப வாசிக்கச் சொன்னால் வாசியுங்கள். நாலாவது தடவையில் பிள்ளைகள் உங்களுக்கு முன்னால் வரியைச் சொல்வார்கள், பிறகு அந்தப் புத்தகத்தைத் தாங்களே எடுத்துப் புரட்டுவார்கள். வீட்டில் தெலுங்கோ உருதுவோ இந்தியோ பேசுகிற பிள்ளை கதையைத் தன் மொழியில் பக்கத்துப் பிள்ளைக்குச் சொன்னால் தடுக்க வேண்டாம், கதை புரிந்ததற்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்.

புத்தகத்துக்கு எங்கே போவது? பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாக வந்த புத்தகங்கள் அரசுப் பள்ளிகளில் இருக்கின்றன. நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்' இதழ் இருக்கிறது. பிள்ளைகள் புத்தகம் போடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்செடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. பிள்ளைகளே புத்தகம் செய்யவும் செய்யலாம். "எங்க நைனா சங்கரா எடுத்துனு வந்துச்சு" என்று பிள்ளை சொன்னால் அதை அப்படியே, திருத்தாமல் எழுதி, கீழே படம் போடச் சொல்லி, பின் அடித்துத் தொங்கவிடுங்கள். வகுப்பிலேயே அதிகம் கை மாறுகிற புத்தகம் அதுவாகத்தான் இருக்கும்.

இருக்கிற புத்தகத்தைப் பீரோவில் பூட்டி வைப்பதுதான் எனக்குத் தாங்காத விஷயம். கிழிந்துபோகும், கணக்குக் காட்ட வேண்டும் என்பார்கள். கிழியத்தான் செய்யும். ஒரு செல்லோ டேப்பை வகுப்பில் வைத்து, ஒட்டும் பொறுப்பை இரண்டு பிள்ளைகளிடம் கொடுங்கள். பிள்ளைகளின் மார்பு உயரத்தில் கொடிக்கயிறு கட்டிக் கிளிப் போட்டு, அட்டை தெரியத் தொங்கவிடுங்கள். முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கினால் வாசிக்கத் தெரியாத பிள்ளை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கும்?

வெள்ளிக்கிழமை ஒரு புத்தகம் வீட்டுக்குப் போகட்டும். நோட்டில் பிள்ளை பெயர், புத்தகத்தின் பெயர், அவ்வளவுதான், அபராதம் கிடையாது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறுகிற ஒற்றை அறை வீடுகள் நிறைய, அதனால் ஒரு பிளாஸ்டிக் கவரும் கொடுத்து அனுப்புங்கள். அம்மா விடிகாலையில் மீன் ஏலத்துக்குப் போய்விடுவார், வீட்டில் ஆயாதான் (பாட்டி) இருப்பார், அவருக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை. "பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க ஆயா, நடுநடுவே அப்புறம் என்னாச்சுன்னு மட்டும் கேளுங்க" என்று சொல்லிவையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகில் போகிற அப்பாக்கள் கரையில் இருப்பார்கள், கோடை விடுமுறையும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. கடைசி வேலைநாளில் ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று புத்தகம் கொடுத்தனுப்புங்கள்: தடையில்லாமல் வாசிக்கக்கூடியது ஒன்று, கொஞ்சம் முக்கி வாசிக்க வேண்டியது ஒன்று, படத்துக்காக அதுவே ஆசைப்பட்டு எடுத்தது ஒன்று. அந்த மூன்றாவதை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், எவ்வளவு கஷ்டமான புத்தகமாக இருந்தாலும் சரி.