ஐஎஸ்ஓ பூட் ஆகவில்லையா? எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள்

லினக்ஸ் ஐஎஸ்ஓ (ஒரு முழு வட்டின் நகலாக இருக்கும் ஒரே கோப்பு) ஒன்றைப் பிரித்து, உள்ளே ஒரு கோப்பை மாற்றி, மறுபடியும் ஐஎஸ்ஓ ஆக்குகிறீர்கள். மவுண்ட் செய்து (வட்டுபோலத் திறந்து) பார்த்தால் ஒரு கோப்புகூடக் குறையவில்லை. அதிலிருந்து கணினியைத் தொடங்கினால், அதாவது பூட் செய்தால் மட்டும் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’. உடனே வேறு மென்பொருளைத் தேடி, அதிலும் இதையே செய்து பார்ப்பவர்கள்தான் அதிகம். பூட் எதுவரை வந்து நின்றது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எதுவுமே தொடங்கவில்லை என்றால், கோப்புகளை மட்டும் அடைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பூட் ஆவதற்கான தகவல் சாதாரணக் கோப்பாக இருப்பதில்லை. சிடியிலிருந்து பூட் செய்வதற்காக 1995-இல் வந்த எல் டொரிட்டோ முறைப்படி, ஐஎஸ்ஓவின் 17-வது செக்டரில் (பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும், ஒவ்வொன்றும் 2048 பைட்) ஒரு பூட் பதிவு இருக்கும். அது பூட் கேட்டலாக் என்ற பட்டியல் இருக்கும் இடத்தைக் காட்டும். எந்த பூட் இமேஜை (தொடக்க நிரலை) ஏற்ற வேண்டும் என்பது அந்த கேட்டலாக்கில் இருக்கும். கோப்புகளை இழுத்துப் போட்டு ஐஎஸ்ஓ செய்யும்போது இந்தச் சங்கிலி புதிய ஐஎஸ்ஓவுக்கு வராது. எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ், சோரிசோ போன்ற ஐஎஸ்ஓ செய்யும் கருவிகளிடம் பூட் கோப்பு எது என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்லும்போதும் சறுக்கலாம். பூட் கோப்பின் பாதையை, அடைக்கப்போகும் ஃபோல்டருக்கு உள்ளிருந்து தொடங்கி எழுத வேண்டும். ஹார்ட் டிஸ்கின் முழுப் பாதையைக் கொடுப்பது பலரும் செய்யும் பிழை. பூட்லோடர் (லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை ஏற்றும் சிறு நிரல்) ஐசோலினக்ஸ் என்றால் எமுலேஷன் வேண்டாம் என்ற ஆப்ஷன், லோட் சைஸ் 4, பூட் இன்ஃபோ டேபிள் மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். அந்த டேபிள் 56 பைட் நீளம். எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ் அதை மூலக் கோப்பிலேயே எழுதிவிடும், அதனால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஐசோலினக்ஸ் அடங்கிய சிஸ்லினக்ஸ் தொகுப்பின் பதிப்பு 5 முதல் எல்டிலினக்ஸ்.சி32 என்ற கோப்பும் கூட இருக்க வேண்டும், அதுவும் அதே பதிப்பிலிருந்து. வேறு பதிப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் ‘ஃபெயில்டு டு லோட்’ என்று அங்கேயே நிற்கும்.

பழைய பயாஸில் (கணினியைத் தொடக்கும் பழைய ஃபர்ம்வேரில்) ஓடுகிறது, புதிய கணினியில் ஓடவில்லை என்றால், அதன் இடத்தில் வந்த யூஇஎஃப்ஐக்காக பூட் கேட்டலாக்கில் இருக்க வேண்டிய இரண்டாவது பதிவு விட்டுப்போயிருக்கும். அது காட்ட வேண்டியது ஒரு சின்ன ஃபேட் இமேஜ் (ஃபேட் வடிவில் அமைந்த குட்டி வட்டு நகல்). 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு அதன் உள்ளே, இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் இருக்கும் பூட் ஃபோல்டரில் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ இருக்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் செக்யூர் பூட்டைப் பாருங்கள்: கையொப்பமில்லாத பூட்லோடரை அது விடாது.

என்னை ஒரு மாலை முழுக்க அலையவிட்டது வேறொன்று. மெனு வந்தது, கெர்னல் ஏறியது, ஓரிரு நிமிடம் காத்திருந்து அவசர ஷெல்லில் (கட்டளை தட்டும் திரையில்) போய் விழுந்தது. நான் பூட் செக்டரையே மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தேன். கெர்னல் ஏறிய பிறகு பூட் செக்டருக்கு என்ன வேலை? கடைசியில் பார்த்தால், ஐஎஸ்ஓவுக்குள் பதியும் வட்டின் பெயரை, அதாவது வால்யூம் லேபிளை, என் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறேன். ஃபெடோரா லைவ் போன்றவை மீதிக் கோப்புகள் இருக்கும் வட்டை வால்யூம் லேபிளை வைத்தே தேடுகின்றன. மெனு கோப்பில் எழுதியிருப்பதும் லேபிளும் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. அப்புறம், லேபிளுக்கு 32 எழுத்துக்குமேல் இடமில்லை.

விண்டோஸ் ஐஎஸ்ஓவில் இன்ஸ்டால்.விம் 4 ஜிபியைத் தாண்டினால் பெரிய கோப்புகளை ஏற்கும் யூடிஎஃப் முறையில் செய்யுங்கள். ஃபேட்32 பென் டிரைவில் அந்தக் கோப்பு ஏறவே ஏறாது, பிரிக்க வேண்டியிருக்கும். லினக்ஸ் ஐஎஸ்ஓவை டிடி கட்டளை கொண்டு பென் டிரைவில் எழுதுவதாக இருந்தால், அது ஹைப்ரிட் ஐஎஸ்ஓவாக (சிடி, பென் டிரைவ் இரண்டிலும் பூட் ஆகும்படி செய்ததாக) இருக்க வேண்டும். சிடியில் பூட் ஆகிறது என்பதால் பென் டிரைவிலும் ஆகிவிடாது.

ஒவ்வொரு முறையும் எழுதிப் பார்க்கத் தேவையில்லை. கியூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அது வழக்கமாகப் பயாஸ் முறையில்தான் தொடங்கும். ஓவிஎம்எஃப் ஃபர்ம்வேரைக் கொடுத்து யூஇஎஃப்ஐயிலும் ஒரு தடவை ஓட்டிவிட்டு, அப்புறம் பென் டிரைவைத் தேடுங்கள்.